'மே', 'ஷல்': ஆட்சிமொழிச் சட்டத்தில் இரு துணைவினைகள்

ஆங்கிலத் துணைவினைகளுள் 'மே', 'ஷல்' ஆகிய இரண்டும் சட்ட நடையில் அருகருகே பயில்வன. பழைய ஆங்கிலத்தில் முன்னது ஆற்றல் உடைமையையும் பின்னது கடன்பட்டிருத்தலையும் குறித்தன. காலப்போக்கில் ஆற்றல் இசைவாகவும், கடன் கட்டளையாகவும் விரிந்தன. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு இந்திய மொழிக்கொள்கை வரலாற்றில் பெரும் விவாதத்திற்கு இடமாயிற்று.

அரசியலமைப்பின் 343ஆம் உறுப்பு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கியது. எனினும், 1950 முதல் 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படுதல் வேண்டும் என்று அதன் இரண்டாம் கூறு விதித்தது. அங்கு ஆளப்பட்ட சொல் 'ஷல்'. அக்காலவரையறைக்குப் பின்னரும் ஆங்கிலம் நீடிக்க வழிசெய்யும் ஆட்சிமொழிச் சட்டம் 1963இல் இயற்றப்பட்டது. அதன் 3ஆம் பிரிவு ஏறத்தாழ அதே தொடரை மீண்டும் எடுத்தாண்டது. ஆனால் 'ஷல்' இருந்த இடத்தில் 'மே' அமைந்தது.

இம்மாற்றம் இந்தி பேசாத பகுதியினரின் ஐயத்திற்குக் காரணமாயிற்று. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த சி. என். அண்ணாதுரை உள்ளிட்டோர் 'ஷல்' என்றே திருத்த வேண்டினர். இவ்விடத்தில் இரண்டும் ஒரே பொருளன என்பது பிரதமர் நேருவின் விளக்கம். ஒரே பொருளாயின் 'ஷல்' என்றே எழுதுவதில் தடை யாது என்பது எதிர்த்தரப்பின் வினா.

இரு தரப்பிற்கும் ஆதாரம் உண்டு. அதிகாரம் வழங்கும் சொல், சூழலை ஒட்டிக் கடமையையும் உணர்த்தக்கூடும் என்பது பிரித்தானியப் பிரபுக்கள் அவையின் 1880ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் ஆராயப்பட்ட கருத்தாகும். ஆயினும் அது சூழலால் வருவது. சொல்லின் இயல்பான பொருளன்று. சட்டத்தை இயற்றியவரின் கருத்து அவையில் ஒலிக்கிறது. பின்வருவோர் கையில் எஞ்சுவது வாசகமே.

தமிழ் வடிவங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. 'பயன்படுத்தலாம்' என்பது 'பயன்படுத்தாதிருக்கலாம்' என்பதற்கும் இடந்தருகிறது. 'பயன்படுத்துதல் வேண்டும்' என்பது இடந்தருவதில்லை. மேலும், ஆங்கிலத்தில் 'மே' எதிர்மறை ஏற்கும்போது விலக்கு, விருப்புரிமை ஆகிய இரண்டையும் ஒரே வடிவம் சுட்டவல்லது. தமிழிலோ 'பயன்படுத்தலாகாது', 'பயன்படுத்தாதிருக்கலாம்' என அவை வேறு வேறு வடிவங்கள். ஆதலின் மூலத்தில் மறைந்து நிற்கும் ஐயப்பாட்டை மொழிபெயர்ப்பாளர் தாமே தீர்க்க நேர்கிறது.

காலவரையறை முடிவுற்ற 1965 சனவரியில் சென்னை மாநிலத்தில் கிளர்ச்சி மூண்டு உயிரிழப்புகள் நேர்ந்தன. அக்கிளர்ச்சிக்கு ஒரு சொல் மட்டுமே காரணமன்று. எனினும் அவநம்பிக்கை அச்சொல்லிலேயே நிலைகொண்டிருந்தது.

1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திற்குப் பின்னரும் அப்பிரிவின் முதல் உட்பிரிவில் 'மே' நீங்கவில்லை. ஆனால் இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும், அவற்றைக் கருதிப் பார்த்தபின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் நிறைவேற்றும்வரை ஆங்கிலப் பயன்பாடு பற்றிய விதிகள் நீடித்தல் வேண்டும் என்னும் புதிய உட்பிரிவு சேர்க்கப்பட்டது. அதில் 'ஷல்' இடம்பெற்றது. சொல்லை மாற்றாமல் சூழலை மாற்றியதன்வழி, 1963இல் வாய்மொழியாகக் கூறப்பட்ட பொருள் சட்ட வாசகமாயிற்று. சட்டத்தை மொழிபெயர்ப்போர் ஒரு துணைவினையைத் தனித்து நோக்காது, பிரிவு முழுவதையும் நோக்கிப் பொருள்கொள்ளல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.