யாரைப் பார்த்துப் பேசுகிறது படம்? – ‘விமோசனம்’ முன்வைத்து

மக்களிடம் ஒரு விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று இயக்கத் தோழர்கள் கூடிப் பேசினால், பேச்சு உத்தியில்தான் போய் நிற்கும். தெருநாடகமா, கண்காட்சியா, துண்டறிக்கையா? கேட்பவரை அந்த உத்தி யாராக வைத்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சேலம் சீமையின் மதுவிலக்குப் பிரச்சார வரலாறு இந்தக் கேள்வியை நம் முன் வைக்கிறது.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். இன்று நாமக்கல் மாவட்டமாக இருக்கும் அந்தப் பகுதி அன்று சேலம் மாவட்டம். 1929இல் ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ மாத இதழ் வந்தது. மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை. ‘நவசக்தி’யை விட்டு வந்த கல்கி துணையாசிரியர். பத்து இதழ்கள்தான். 1930இல் உப்பு சத்தியாகிரகத்தில் ராஜாஜி சிறை சென்றதோடு நின்றுபோயிற்று.

குடியின் கேட்டைக் கட்டுரையாக மட்டும் சொல்லாமல் கதையாகவும் படமாகவும் சொன்னது ‘விமோசனம்’. பெரும்பாலோர் எழுத்தறியாத ஊர்களில் இது சாதாரண விஷயமல்ல. கதையை ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்கலாம். படத்தை யாரும் பார்க்கலாம். உத்தி என்ற அளவில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்த வகைப் பிரச்சாரத்தின் சட்டகத்துக்குள் குடிக்கிறவன் எப்போதும் திருத்தப்பட வேண்டியவன். பேசுகிறவர் ஆசிரமத்தில் இருக்கிறார், கேட்கிறவன் சேரியிலும் தறிக்குழியிலும் இருக்கிறான். ‘நீ ஏன் குடிக்கிறே?’ என்று கேட்டுவிட்டுப் பதிலையும் பேசுகிறவரே சொல்லிவிடுகிறார். கூலி என்ன, கடன் யாரிடம், மரமேறிப் பிழைப்பவன் நாளைக்கு என்ன செய்வான் என்பவை கேட்கிறவனின் கேள்விகள். அவற்றுக்குச் சட்டகத்தின் மையத்தில் இடமில்லை.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் அமலாயிற்று. பிரச்சாரம் இப்போது சட்டம். பிரச்சாரகர் இருந்த இடத்தில் போலீஸ். குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதனால் கிடைத்த ஆறுதலை மறுப்பது நேர்மையாகாது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. ராஜாஜி மந்திரிசபை அந்த ஆண்டே பதவி விலகியது. 1943இல் கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கு கைவிடப்பட்டது. வரி மட்டும் நிலைத்துவிட்டது. மேலிருந்து வந்தது மேலிருந்தே போயிற்று.

இதே செய்தி வேறொரு விதமாகவும் பேசப்பட்டிருக்கிறது. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி வகுப்புப் பாடநூலில் சீத்தம்மா என்ற பெண்ணின் கதை இருந்தது. 1992இல் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதைப் படித்தார்கள். படித்ததோடு நிற்கவில்லை. ‘இது நம்ம கதைதானே’ என்று தங்கள் ஊர்ச் சாராயக் கடைமுன் போய் நின்றார்கள். போராட்டம் ஊர்ஊராகப் பரவியது, 1993இல் அரசு சாராயத்தைத் தடைசெய்தது. ‘விமோசன’த்தைவிட அந்தப் பாடநூல் திறமாக வடிவமைக்கப்பட்டது என்பதல்ல காரணம். வகுப்பு என்பது பெண்கள் கூடிப் பேசும் இடமாக இருந்தது. செய்தி கேட்பவரின் வாய்க்குப் போனதும் அதன் சொந்தக்காரர் மாறிவிட்டார்.

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது. சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். படமும் கதையும் சட்டமும் தீர்ந்துபோன பிறகு தன் உடலையே துண்டறிக்கையாக்க வேண்டியிருந்தது அவருக்கு. இம்முறை காது கேளாதிருந்தது குடிகாரன் அல்ல, அரசு.

அடுத்த கண்காட்சிக்குத் தட்டி எழுத உட்காரும் தோழர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எழுத்தின் அளவையோ வண்ணத்தையோ அல்ல. தட்டியைப் பார்க்க வருகிறவர் பதில் பேச எங்கே இடம் விட்டிருக்கிறோம் என்பதை.