நடைச் சங்கங்கள் (பிரித்தானியா)

விடுமுறை நாள்களில் உறுப்பினர்கள் ஒன்றுகூடி, வழிநடத்துநர் ஒருவரின் பின்னே வயல்வெளி, மலைச்சரிவு, ஆற்றங்கரை, நகரத் தெரு என்று நெடுந்தூரம் நடப்பதற்காக அமைந்த தன்னார்வ அமைப்பே நடைச் சங்கம். பிரித்தானியாவில் இதை 'ரேம்ப்ளிங் கிளப்' என்பார்கள். போட்டியும் பரிசும் இதில் இல்லை. ஆனால் இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இன்று அந்நாட்டு மலைகளில் எவரும் தடையின்றி நடக்க முடிகிறது என்றால், அந்த உரிமையைப் பெற்றுத் தந்ததில் இச்சங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பொது நிலங்கள் சட்டத்தின் துணையோடு வேலியிடப்பட்டுத் தனியார் கைக்குப் போயின. வடக்கே புதர் மண்டிய மேட்டுநிலங்கள் கிரவுஸ் பறவை வேட்டைக்கென ஒதுக்கப்பட்டு, காவலர்கள் நிறுத்தப்பட்டனர். மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைப் புகையில் வாரம் முழுவதும் உழைத்தவர்களுக்கு மலை கண்ணெதிரே தெரிந்தது. கால் வைக்கத்தான் முடியவில்லை. பழைய பாதைகளைக் காக்க 1826-லேயே மான்செஸ்டரில் ஒரு சங்கம் தோன்றியது. 1879-இல் லண்டனில் எழுத்தாளர் லெஸ்லி ஸ்டீஃபன் (வர்ஜீனியா உல்ஃபின் தந்தை) தொடங்கிய 'சண்டே டிராம்ப்ஸ்' படித்தவர்களின் நடைக்குழு. தொழிலாளர்களின் இயக்கத்துக்கு ஷெஃபீல்டில் ஜி. எச். பி. வார்டு 1900-இல் தொடங்கிய கிளாரியன் ரேம்ப்ளர்ஸ் முன்னோடியானது. அதன் முதல் நடை அவ்வாண்டு செப்டம்பரில் கிண்டர் ஸ்கௌட் மலையைச் சுற்றி நடந்தது. வார்டு ஆண்டுதோறும் வெளியிட்ட சிறு கையேடுகள் நடைப் பட்டியலோடு நிற்காமல், பாதைகளின் வரலாற்றையும் இடப்பெயர்களையும் பதிவு செய்தன.

அதே கிண்டர் ஸ்கௌட்டில் 1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர் தடையை மீறி ஏறினர். முன்னின்றவர் பென்னி ரோத்மன். அப்போது அவருக்கு வயது 20. காவலர்களோடு கைகலப்பு மூண்டது. ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை விதிக்கப்பட்டது. அன்றைய நடைச் சங்கத் தலைவர்கள் பலர் இந்த அத்துமீறலை ஏற்கவில்லை. எனினும் தண்டனையின் கடுமை மக்களின் அனுதாபத்தை நடப்பவர்கள் பக்கம் திருப்பியது. 1935-இல் ரேம்ப்ளர்ஸ் அசோசியேஷன் தேசிய அமைப்பாக உருவானது. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. கிண்டர் ஸ்கௌட்டை உள்ளடக்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. டாம் ஸ்டீஃபன்சன் 1935-இல் முன்மொழிந்த பெனைன் வே என்ற சுமார் 430 கி.மீ. நெடும்பாதை 1965-இல்தான் திறக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலை, மேட்டுநிலம், பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. கிண்டர் நிகழ்வின் எழுபதாம் ஆண்டு விழாவில் அன்றைய டெவன்ஷையர் கோமகன், அந்நிலத்தின் உரிமையாளராக இருந்த தம் பாட்டனார் காலத்துச் செயலுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

நடையின் வெற்றி பெரும்பாலும் முன்னேற்பாட்டைப் பொறுத்தது. வழிநடத்துநர் சில நாள்களுக்கு முன்பே அதே வழியில் நடந்து பார்க்கிறார்: ஏறு படிகள் உடைந்திருக்கின்றனவா, சேறு எவ்வளவு, எந்த வயலில் காளை நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறார். தூரம், ஏற்றம், கடினத்தின் தரம், கூடுமிடம் ஆகியவை முன்கூட்டியே அறிவிக்கப்படும். நேரத்தைக் கணிக்க, மலையேறுநர் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் உதவுகிறது: மணிக்கு 5 கி.மீ.; ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். முன்னே வழிநடத்துநர் போக, யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கடைசியில் வருவார். இந்தக் கடைசி ஆளின் பொறுமைதான் புதியவர்களைச் சங்கத்தில் தங்கவைக்கிறது. மஞ்சள் அம்புக்குறி நடைபாதையையும், நீல அம்புக்குறி குதிரைகளும் செல்லக்கூடிய பாதையையும் காட்டும். பயிர் நிற்கும் வயலில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வார்கள். கதவுகளை இருந்தபடியே விட்டுப் போவது எழுதப்பட்ட நெறி. வயலின் குறுக்கே செல்லும் பாதை உழப்பட்டால், பொதுவாக 14 நாள்களுக்குள் உரிமையாளர் அதைச் சீரமைக்க வேண்டும். அடைபட்ட பாதைகளை உள்ளாட்சி மன்றத்துக்குத் தெரிவிப்பது உறுப்பினர்களின் வழக்கமான பணி.

பகல் சுருங்கும் குளிர்காலத்தில் நகர நடை கைகொடுக்கிறது. லண்டனைச் சுற்றி வரும் கேபிடல் ரிங் சுமார் 126 கி.மீ., அதற்கும் வெளியே செல்லும் லண்டன் லூப் ஏறத்தாழ 240 கி.மீ. நீளம் கொண்டவை. இரண்டும் பொதுப் போக்குவரத்தில் எட்டக்கூடிய சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், கார் இல்லாதவர்களும் முதியவர்களும் தங்களால் இயன்ற அளவு நடக்கலாம். கால்வாய்க் கரைகளும் பழைய கல்லறைத் தோட்டங்களும் பூங்காக்களும் வழியில் வரும்.

பல சங்கங்கள், உறுப்பினராகச் சேருமுன் ஓரிரு நடைகளில் கலந்துகொள்ளப் புதியவர்களை அனுமதிக்கின்றன. நல்ல காலணி, மழைச் சட்டை, தண்ணீர், மதிய உணவு ஆகியவற்றோடு குறித்த நேரத்தில் கூடுமிடத்துக்கு வந்தால் போதும்.