வளவும் புள்ளியும்

ஓர் இடத்தைத் தம் ஊரென்றும் தம் வீடென்றும் ஒருவர் கொள்ளுதற்குக் காரணமாய் நிற்பது யாது என்னும் வினா, இக்காலத்து நம் நகரத்தாரிடையே அடிக்கடி எழுகின்றது. பழைய வீட்டை விற்றுவிடலாமா, பங்கிட்டுக் கொள்ளலாமா, பூட்டியபடியே வைத்திருக்கலாமா என்று பங்காளிகள் கூடிப் பேசுமிடந்தோறும் அவ்வினா மறைந்து நிற்கக் காண்கின்றோம். பங்காளி வழக்கைத் தீர்த்தல் எம் தொழிலன்று. பள்ளியில் இலக்கணஞ் சொல்லுவார்க்கு அஃது இயலுவதுமன்று. எனினும், நம் முன்னோர் இதன்கண் எங்ஙனம் ஒழுகினர் என்பதை வரலாற்று முறையில் எடுத்துக் காட்டுதல் பயன்படுமெனக் கருதி இதனை எழுதப் புகுந்தாம்.

காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டிநாடு புகுந்தவர் நாம் என்பது வழிவழி வந்த செய்தி. அங்ஙனம் வந்த நம் முன்னோர்க்குப் பாண்டியன் முதற்கண் அளித்தது இளையாற்றங்குடிக் கோயில் என்றும், பின்னர் மாற்றூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஊர்க்கோயில்களும் சேர்ந்து ஒன்பதாயின என்றும் மரபு கூறும். காலக்கணக்கில் ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். அதனுள் யாம் புகவில்லை. நாம் கருத வேண்டுவது இவ்வரலாறு சொல்லப்படும் முறையேயாம். இன்ன வயலைப் பெற்றார், இன்ன ஆற்றங்கரையைப் பெற்றார் என்று அது தொடங்கவில்லை; இன்ன கோயிலைப் பெற்றார் என்றே தொடங்குகின்றது. புது நாட்டில் வேற்றாளாய் வந்து நின்றவன் முதலிற் கேட்டது தன்னை எண்ணுவார் கூடும் ஓரிடத்தையே.

எண்ணுதல் என்றது அணிக்காகக் கூறியதன்று. மணமான ஓர் ஆடவனும் அவன் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. ஊர்க்கோயிற் செலவுக்குப் புள்ளி வரி உண்டு. மணமக்கள் இருவர் கோயில்களிலிருந்தும் மாலை வந்து சேர்ந்த பின்னரே திருப்பூட்டுதல் நிகழும். ஆகவே ஒருவன் எங்கே பொருளீட்டினாலும், எத்துணை ஆண்டு அங்கே உறைந்தாலும், அவன் புள்ளி எழுதப்பெற்ற ஊரே அவனுக்கு ஊராயிற்று. 96 ஊர்களில் நம்மவர் வாழ்ந்தனர் என்பது மரபு. அவற்றுள் இன்று எஞ்சியவை 70-க்குச் சற்று மேற்பட்டனவே.

இனி, அவ்வூர்கள் அமைந்த நிலமோ வளமுடையதன்று. செம்மண், வானம் பார்த்த பூமி, ஊருணி வெட்டி மழைநீரைத் தேக்கினாலன்றிக் குடிநீருக்கும் முட்டுப்பாடு. நீர்வளமுடைய ஐராவதி முகத்துவாரத்திற் பெரும்பொருள் வைத்திருந்தவர், அந்நீரற்ற மண்ணிலே கோட்டை போன்ற வீடுகளைக் கட்டினார் என்பது பிற நாட்டார்க்கு வியப்பாகத் தோன்றும். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலி நாட்டுச் சலவைக்கல், ஜப்பான் ஓடுகள், முட்டை வெண்கரு கூட்டி அரைத்த சுண்ணச் சாந்து, ஆத்தங்குடியார் கண்ணாடிமேல் வார்த்தெடுத்த பூங்கற்கள் என்றிவற்றைப் பலரும் எழுதிவிட்டனர். ஒருவர் கட்டியதைக் கண்டு மற்றொருவர் அதனினும் பெரிதாகக் கட்டிய போட்டியும் அதனுள் இருந்தது என்பதை மறைத்தல் வேண்டா. ஊரார் அனைவரும் உண்ணுதற்கேற்ற கூடங்கள், ஒரு தலைமுறையில் நான்கைந்து விவாகங்களுக்கே நிறைந்தன.

நம் வீடுகளின் உட்பொருள் அவ்வலங்காரத்தில் இல்லை. அதன் வகுப்பிலேதான் உளது. முகப்பும் திண்ணையும் கடந்தால் வானந் திறந்த வளவு. அதனைச் சுற்றி வரிசையாக இரட்டை அறைகள். அதன்பின் இரண்டாங்கட்டு, அதன்பின் அடுப்படி, பின்வாயில் மறு தெருவில் திறக்கும். ஆண்மக்கள் ஒவ்வொருவர்க்கும் மணமானவுடன் அவ்வறைகளுள் ஒன்று உரிமையாம். அவ்வறையைத்தான் நம்மவர் ‘இரட்டை வீடு’ என வழங்கினர். அறையையே வீடென்று சொல்லும் இவ்வழக்குச் சிந்தித்தற்குரியது. மாளிகை முழுதும் ஐயா வீடு. அதனுள் தன் புள்ளிக்குரிய சிறு பகுதி தன் வீடு. மணமாகிச் சிலகாலஞ் சென்றதும் இளந்தம்பதிகளை ‘வேறு வைத்தல்’ என்னும் முறைப்படி, பண்டமும் பாத்திரமும் கொடுத்துத் தனி அடுப்பு மூட்டச் செய்தனர். ஒரே கூரையின்கீழ் மாமியார் உலை வேறு, மருமகள் உலை வேறு. இதனைத் தந்நலம் என்று இகழ்வாரும் உளர். யாம் அங்ஙனங் கருதுகிலேம். ஒரு பானைச் சோற்றில் எழும் பூசலைத் தவிர்த்து, ஒரு வளவில் நான்கு தலைமுறையை ஒன்றாக நிறுத்திய அறிவு அது.

அவ்வீட்டில் உண்மையாக வாழ்ந்தவர் யாவர்? ஆடவர் என்று சொல்லுதல் அரிது. கடல் கடந்து வாணிகத்திற்குச் செல்லுதலைக் ‘கொண்டு விற்கப் போதல்’ என்பர். போனவர் மூன்றாண்டு தவணை முடிந்தே மீள்வர். சிலகாலம் தங்கி மறுபடியும் கப்பல் ஏறுவர். அப்பச்சியின் முகத்தை மூன்று வயதில் முதன்முதற் கண்ட பிள்ளைகள் பலராவர். வீட்டைக் காத்தவர் ஆச்சிமாரே. பிறந்தகத்திலிருந்து வந்த சீர்ப் பாத்திரங்களை அவ்விரட்டை வீட்டில் அடுக்கிப் பூட்டித் திறவுகோலை இடுப்பிற் செருகிய நாளிலேதான் புதிதாய் வந்த பெண்ணுக்கு அவ்வூர் தன் ஊராயிற்று. கட்டினவர் பெயரே முகப்பிற் பொறிக்கப்பட்டுள்ளது. கூடை முடைந்தும், வற்றலிட்டும், முறைக்காரர்க்கு முறை செய்தும் அதனை வீடாக்கினவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இதற்கு மாறாக இரங்கூனில் நம்மவர் இருந்த இருப்பைக் காண்க. 1852-இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் வயப்பட்டதும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து அரிசி வாணிகம் பெருகியதும் நம்மவரை அங்கே மிகுதியாக ஈர்த்தன. 1929–30-இல் அரசினர் நடத்திய வங்கி விசாரணையின்படி அந்நாட்டிற் செட்டியார் கடைகள் ஏறக்குறைய 1,650. கடன் கொடுத்திருந்த தொகை ஏறக்குறைய 75 கோடி ரூபாய். இத்துணைப் பொருளுக்கும் உரியவரின் முகவர்கள் மொகல் தெருவில் கிட்டங்கி என்னும் நீண்ட கூடத்திலே, ஆளுக்கொரு பாயும் கணக்குப் பெட்டியுமாகத் தரையில் அமர்ந்திருந்தனர். பகலிற் கடை, இரவிற் படுக்கை, இரண்டும் அவ்விடமே. அங்கும் கோயில் எடுத்தனர். தண்டாயுதபாணியை எழுந்தருளச் செய்தனர். கூடி வட்டி வீதம் உறுதி செய்தனர். ஆனால் அங்கே வளவு இல்லை. தனி அடுப்பு இல்லை. பெரும்பாலும் பெண்டிரும் இலர். நாற்பதாண்டு போய்வந்தவரும் அதனைக் ‘கடை’ என்றாரேயன்றி வீடென்றாரில்லை.

பின்னர் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப மாட்டாத உழவரின் நிலம் நம்மவர் கைக்கு வந்தது. நெல் விளையும் முதன்மையான 13 ஜில்லாக்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அந்நிலம் 1938-இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. நம்மவர் விரும்பியது ரொக்கமேயன்றி நிலமன்று என்பது மெய். ஆயினும் நம் பேரேட்டில் வரவாக எழுதப்பட்ட அந்நிலம், அதனை இழந்த பர்மிய உழவனுக்குத் தன் பாட்டன் உழுத மண் அன்றோ? நமக்கு நேர்ந்த இழப்பையே சொல்லிச் சொல்லிப் பழகிய நாம், இதனையும் உடன் எழுதி வைத்தல் நேர்மை. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். பல இலட்சம் இந்தியர் காட்டுவழியாய் நடந்து வந்தனர். வழியில் மாண்டார் பலர். 1948-இல் நில உடைமைச் சட்டமும், 1962-க்குப் பின் வந்த இராணுவ ஆட்சியின் நடவடிக்கைகளும் எஞ்சியதையும் கொண்டுபோயின. மீண்டவர்க்குப் பொருள் இல்லை; கதவைத் திறந்துவிட ஆச்சியும், படுக்க இரட்டை வீடும் இருந்தன.

மலேயா, சிங்கப்பூர் முதலிய இடங்களின் செய்தி சிறிது வேறு. அங்கே காலஞ் செல்லச்செல்லக் குடும்பங்களும் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தனர். திருக்கார்த்திகைக்கு 21-ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பன்று, 21 இழை கொண்ட திரியை மாவிற் பொதிந்து ஏற்றி, மூத்தவர் கையால் வாங்கிச் சுடரோடு உட்கொள்ளும் வழக்கம் நம்மவர் சென்ற நகரங்களிலெல்லாம் இன்றும் நடைபெறுகின்றது. மாடி வீட்டின் பத்தாம் அடுக்காயினும், இழை எடுத்துக் கொடுக்க மூத்தவர் ஒருவரும் அதனை வாங்க இளையோரும் கூடும் அவ்விடத்தை ஊரன்றென்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று அங்ஙனம் எடுத்துச் செல்லப்படவில்லை. அது படைப்பு. முன்னோர்க்குப் புதுத்துணி வைத்துச் சோறு படைத்துப் பங்காளிகள் ஒருங்கே உண்ணும் அச்சடங்கு, அம்முன்னோர்க்கென்றே அமைந்த இடத்திற்றான் நிகழும். வீடுகளோ இன்று இருபது முப்பது பங்குடையனவாய்ப் பிரிந்து நிற்கின்றன. ஓட்டை மாற்றுவார் இலர். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலோ நம் தூண்களும் நிலைகளும் விலைக்கு நிற்கின்றன. விற்பாரைக் குறை கூறுதல் எளிது; மழைக்கு ஒழுகும் ஒரு வளவைப் பழுதுபார்க்க வேண்டிய தொகையைக் கேட்டால் குறை கூறுவார் வாயடங்குவர். விற்கத்தான் வேண்டுமெனில், படைப்பு நிகழும் பகுதியை மட்டும் பொதுவில் நிறுத்தி, அதனைக் காக்கும் முறையைப் பங்காளிகள் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுதல் தக்கது என்பது எம் கருத்து.

அங்ஙனஞ் செய்த ஓரூரை யாம் அறிவோம். முகப்பும் வளவும் போய்விட்டன. அவ்விடத்தில் வேலிக்கருவை முளைத்திருக்கின்றது. பின்பக்கத்துப் படைப்பறை ஒன்றுமட்டும் புது ஓடு வேயப்பெற்றுப் பூட்டியிருந்தது. திறவுகோல் எவரிடம் உளதென்று அண்டை வீட்டு ஆச்சியை வினவினேம். “இந்த வருஷம் பினாங்குக்காரர் முறை, அவர் வரும்வரை என்னிடம்” என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.