ஆய்வு யாருக்கு உரியது? – அக்வெசாஸ்னே மக்களின் வரலாறு தரும் பாடம்

இறையியல் மாணவர்கள் சிற்றூர்களுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் சென்று சமூக ஆய்வு நடத்துவது நமது கல்விமுறையின் ஒரு பகுதியாகிவிட்டது. வினாத்தாளுடன் செல்கிறோம்; விடைகளுடன் திரும்புகிறோம். அவ்விடைகள் யாருக்கு உரியவை என்பதை நாம் அரிதாகவே எண்ணிப் பார்க்கிறோம். வட அமெரிக்கத் தொல்குடியினருள் ஒரு சாரார் இவ்வினாவைப் பல்கலைக்கழக அறிஞர்முன் துணிவுடன் எழுப்பினர். அதனால் ஆய்வின் முறையே மாறியது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

1. ஆறும் ஆலைகளும்

செயிண்ட் லாரன்ஸ் ஆற்றின் கரைகளிலும் தீவுகளிலும் பரந்துள்ளது அக்வெசாஸ்னே என்னும் மோஹாக் மக்களின் நிலம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலமும், கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களும் அந்நிலத்தின் ஊடே எல்லை வகுத்துள்ளன. கோடுகள் பிறர் வரைந்தவை; மக்களோ ஒரே மக்கள். மீன்பிடித்தல், வேட்டை, பயிர்த்தொழில், கூடை முடைதல் ஆகியவை அவர்தம் வாழ்வுக்கு ஆதாரமாயிருந்தன. தங்கள் கூட்டங்களைத் தொடங்குமுன் நிலம், நீர், மீன், செடிகொடிகள் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி நன்றி கூறுதல் அவர்களது தொன்மையான மரபு.

1950களில் அவ்வாற்றில் கப்பல்வழியும் நீர்மின் அணையும் கட்டப்பட்டன. கப்பல்வழி 1959இல் திறக்கப்பட்டது. மலிவான மின்சாரத்தை நாடி ஆலைகள் வந்தன. மசீனா நகரில் முன்னரே இருந்த அல்கோவா ஆலையோடு ரெனால்ட்ஸ் அலுமினிய ஆலையும் ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்பாலையும் சேர்ந்தன. ரெனால்ட்ஸ் ஆலையின் புகையிலிருந்த ஃபுளோரைடு கார்ன்வால் தீவின் மாடுகளை நோய்ப்படுத்தியதைக் கார்னெல் பல்கலைக்கழக அறிஞர் 1979இல் வெளியிட்டனர்.

ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்பாலை மோஹாக் நிலத்தை ஒட்டியே நின்றது. எளிதில் தீப்பற்றாத தன்மை கருதி, பி.சி.பி. எனப்படும் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் கலந்த எண்ணெயை அது தன் இயந்திரங்களில் பயன்படுத்தியது. அதன் கழிவு குழிகளில் கொட்டப்பட்டு மண்ணிலும் ஆற்றிலும் கசிந்தது. இவ்வேதிப்பொருள் எளிதில் சிதைவதில்லை. சேற்றிலிருந்து சிற்றுயிர்களுக்கும், அவற்றிலிருந்து மீன்களுக்கும், மீனிலிருந்து மாந்தருக்கும் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடுகிறது. உடற்கொழுப்பில் தங்கித் தாய்ப்பாலில் வெளிப்படுகிறது. அமெரிக்கா 1979இல் இதன் உற்பத்தியைத் தடை செய்தது. 1983இல் அரசு அவ்வாலைக்கு 5,07,000 டாலர் தண்டம் விதித்தது. அடுத்த ஆண்டு அவ்விடம் நச்சு அகற்றவேண்டிய இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

2. தாய்மார் எழுப்பிய வினா

காட்ஸி குக் என்னும் மோஹாக் மருத்துவச்சியிடம் தாய்மார் கேட்ட வினா எளியது: எங்கள் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? அதற்கு விடை கூற எவரிடமும் சான்று இல்லை. நியூயார்க் மாநில வனவிலங்கு நோயியலாளர் வார்டு ஸ்டோன் அப்பகுதியின் ஆமைகளையும் பிற விலங்குகளையும் சோதித்து, அவற்றின் உடலில் நச்சு மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார். பத்து லட்சத்தில் 50 பங்கு பி.சி.பி. கொண்ட பொருளே சட்டப்படி அபாயக் கழிவு. சில விலங்குகளின் உடல் அவ்வளவையும் கடந்திருந்தது.

குக் அம்மையார் 1980களின் நடுவில் தாய்ப்பால் திட்டத்தைத் தொடங்கினார். பெண்ணின் உடலே ஒவ்வொரு குழந்தைக்கும் முதற் சுற்றுச்சூழல் என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. தாய்மார் வெறும் மாதிரி வழங்குவோராக இராமல் உடன் ஆய்வாளராக இருத்தல் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். 1986 முதல் 1992 வரை மாநில சுகாதாரத் துறை நடத்திய ஆய்வில் 97 மோஹாக் தாய்மாரும், ஒப்பீட்டுக்காக 154 வெள்ளைத் தாய்மாரும் இடம் பெற்றனர். 1986–89இல் மகப்பேறு கண்ட மோஹாக் தாய்மாரின் பாற்கொழுப்பில் பி.சி.பி. சராசரியாகப் பத்து லட்சத்தில் 0.602 பங்கு இருந்தது, மற்றவரிடம் 0.375. 1990க்குப் பின் இவ்வேறுபாடு குறிப்பிடத்தக்க அளவில் காணப்படவில்லை. தாய்மார் ஆற்றுமீன் உண்பதைக் குறைத்தமையே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

3. பங்காளிகளாக ஆய்தல்

1987இல் உருவான அக்வெசாஸ்னே சுற்றுச்சூழல் பணிக்குழு, வெளியார் ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்க ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. 1996இல் ஆய்வு நெறிமுறை ஒன்றையும் வகுத்தது. ஸ்கென்னென், கரிவீயோ, கசஸ்டென்செரா என்னும் மூன்று மோஹாக் சொற்கள் அதற்கு அடித்தளம். அமைதி, நல்ல மனம், வலிமை என அவற்றைப் பெயர்க்கலாம். ஆய்வுக்களத்தில் இவை ஒருவரையொருவர் மதித்தல், நிகராகப் பகிர்தல், ஒருவரையொருவர் வலுப்படுத்துதல் எனப் பொருள் பெற்றன.

ஆல்பனியிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலார் லாரன்ஸ் ஷெல்லும் அவர்தம் குழுவினரும் இந்நெறியை ஏற்று இளைஞர் நலனை ஆராய்ந்தனர். வீடுதோறும் சென்று தரவு திரட்டியோர் பயிற்சி பெற்ற மோஹாக் மக்களே. அவர்களுக்கு ஊதியம் வழங்கப்பட்டது. பங்கேற்றோர் தத்தம் சோதனை முடிவுகளைப் பெற்றனர். வெளியான சில கட்டுரைகளில் பணிக்குழுவின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இடம் பெற்றது. 138 சிறுமியரைப் பற்றி 2005இல் வெளிவந்த கட்டுரை, சிலவகைப் பி.சி.பி.க்கும் முன்னதாகப் பூப்பெய்துவதற்கும் தொடர்பு உண்டெனக் காட்டியது. தங்கள் பிள்ளைகளின் உடலைப் பற்றிய இத்தகைய செய்தியை ஒரு சமூகம் அந்நியர் வாயிலாகக் கேட்பதற்கும், தானே கண்டறிந்து கூறுவதற்கும் உள்ள வேற்றுமையை நாம் உணர்தல் வேண்டும்.

4. எண்களுக்கு எட்டாத இழப்பு

எனினும் இதை வெற்றிக் கதையென முடித்துவிடலாகாது. நச்சிட்டவர் ஆலையினர், உணவை விட்டுக்கொடுத்தவர் தாய்மார். பால் தூய்மையடைந்தது மெய்யே. ஆனால் மீனவன் வலையை உலர்த்திவிட்டால், தந்தை மகனுக்கு வலை பின்னக் கற்பிக்கும் வேளையும் மறைகிறது. வலையின் முடிச்சுகளுக்குரிய சொற்களும் மறைகின்றன. மீனின் இடத்தைக் கடை உணவு பிடித்தபோது நீரிழிவு முதலிய நோய்கள் பெருகின என அம்மக்கள் கூறுகின்றனர். எலிசபெத் ஹூவர் 2017இல் அக்வெசாஸ்னே குறித்து எழுதிய நூல் இவ்விழப்புகளை விரிவாகப் பதிவு செய்கிறது.

மக்கள் இவ்விழப்பையும் சான்றாக்கினர். 2013இல் அல்கோவா, ரெனால்ட்ஸ் நிறுவனங்களுடன் ஏற்பட்ட உடன்பாட்டில் ஏறத்தாழ 84 லட்சம் டாலர் மோஹாக் பண்பாட்டு மீட்புக்கென ஒதுக்கப்பட்டது. அதைக்கொண்டு மீன்பிடித்தல், பயிர்த்தொழிலும் கூடை முடைதலும், மூலிகை மருத்துவம், வேட்டை ஆகியவற்றை முதியோர் இளையோருக்குத் தாய்மொழியிலேயே கற்பிக்கும் ஏற்பாடு உருவாயிற்று. சேற்றிலுள்ள நச்சை மட்டுமே அளந்திருந்தால் இவ்விழப்பு எக்கணக்கிலும் ஏறியிராது.

5. நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றில் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. 1982இல் வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் மிகுந்த பகுதியில், இதே பி.சி.பி. கலந்த மண் புதைக்கப்பட்டபோது 500க்கும் மேற்பட்டோர் மறியலில் கைதாயினர். அதில் ஈடுபட்ட ஐக்கிய கிறிஸ்து சபையின் இன நீதி ஆணையம் 1987இல் நாடு தழுவிய ஆய்வொன்றை வெளியிட்டது. வணிக முறையிலான அபாயக் கழிவு நிலையங்கள் எங்கு அமைகின்றன என்பதை முடிவு செய்வதில் வருமானத்தினும் இனமே வலிய காரணி என அது நிறுவியது. 1991இல் அவ்வாணையத்தின் முயற்சியால் வாஷிங்டனில் கூடிய மாநாடு சுற்றுச்சூழல் நீதியின் 17 கொள்கைகளை வகுத்தது. தொல்குடியினரும் அதில் பங்கேற்றனர்.

சபை நடத்திய ஆய்வு, நஞ்சு யார் வாசலில் கொட்டப்படுகிறது என்று கணக்கிட்டது. அக்வெசாஸ்னே மக்கள் ஒரு படி மேலே சென்று, கணக்கிடப்படுவோரே கணக்கிடுவோரும் ஆகவேண்டும் எனக் காட்டினர். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். முன்னோரின் உரிமையாகிய நிலத்தைக் கவர்வது பாவமெனில், அந்நிலத்து மக்களின் துன்பத்தைத் திரட்டி நமது பட்டத்துக்குரிய பொருளாக்கிக்கொள்வதை எப்பெயரால் அழைப்பது?

ஆகவே களஆய்வுக்குச் செல்லும் மாணவர் மூன்றினைக் கருத்திற் கொள்வது நலம். வினாவை மக்களோடு கூடி அமைத்தல் முதலாவது. முடிவை அவர்களுக்கே முதலில், அவர்கள் மொழியில் உரைத்தல் இரண்டாவது. அவர்கள் வேண்டாமென மறுக்கும்போது அம்மறுப்பை ஏற்றல் மூன்றாவது. மூன்றாவதே அரிது. மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் பெற்ற இசைவு இசைவாகாது என்பதை நம் ஆசிரியர்களும் ஆயர்களும் மாணவருக்கு முதல் நாளிலேயே உணர்த்துவார்களாக.