சீமைக் கருவேலத்திலிருந்து புகையிலை இலைக்கு

தாம்பரத்தைத் தாண்டினால் ஏரிக்கரை, காலி மனை என்று எங்கும் சீமைக் கருவேலம். வெட்டியெறியச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்ட மரம். ஆனால் மற்றவை கருகும் கோடையிலும் அது பச்சையாக நிற்கிறதே, எப்படி? தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிதாவின் குழு இந்தக் கேள்வியை விடவில்லை. அதனால் அந்த மரத்தின் மரபணு ஒன்று பயணம் கிளம்பியது.

கிளம்பியது நகல்தான். இலையிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதை டி.என்.ஏ.வாகப் படியெடுத்தார்கள். குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதிக்கான மரபணு அது. வறட்சியில் செல்லுக்குள் சேரும் நச்சுப் பொருள்களை அடக்க உதவும் நொதி.

அடுத்து அது ஏறியது அக்ரோபாக்டீரியத்தில். இந்த மண் பாக்டீரியா செடிகளில் கழலை உண்டாக்குவதை 1907இல் ஸ்மித்தும் டவுன்செண்டும் காட்டினார்கள். தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டையே அது செடிக்குள் செலுத்திவிடுகிறது என்பது 1977இல் மேரி-டெல் சில்ட்டனின் குழு கண்டது. அந்தத் துண்டிலுள்ள கழலை மரபணுக்களை நீக்கிவிட்டு, நமக்கு வேண்டியதை வைத்தால் அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பயணத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது இனி வரும் கட்டம். புகையிலை இலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, பாக்டீரியா கலந்த திரவத்தில் சற்று நேரம் ஊறவிடுகிறார்கள். வெட்டுக்காயம் கட்டாயம் வேண்டும். காயம்பட்ட செல்கள் கசியவிடும் அசிட்டோசிரிங்கோன் போன்ற பொருள்களை உணர்ந்த பிறகுதான் பாக்டீரியா தன் சரக்கை அவிழ்க்கிறது. ஓரிரு நாள் சேர்ந்திருந்த பின், ஆன்டிபயாட்டிக் கொண்டு பாக்டீரியாவை அழிக்கிறார்கள். மரபணு ஏறாத செல்களை இன்னொரு மருந்து வடிகட்டும். சில வாரங்களில், வெட்டிய அதே விளிம்பில் பச்சைக் குருத்துகள் எழுகின்றன. ஒவ்வொன்றும் முழுச் செடியாக வளரக்கூடியது.

அந்தச் செடிகள் சாதாரணப் புகையிலையைவிட வறட்சியை நன்றாகத் தாங்கியதை 2010இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. சோதனைக்குப் புகையிலை போதும். நம் வயலுக்கு வேண்டியது நெல். சதுப்புநில வெண்கண்டலின் மரபணு ஒன்றை இதே குழு பூசா பாஸ்மதி-1 நெல்லில் சேர்த்த ஆய்வு 2008இலேயே வந்துவிட்டது. ஆனால் நெல்லின் இலை புகையிலையைப் போல எளிதில் ஒத்துழைக்காது. அதற்கு விதையிலிருந்து வளர்த்தெடுக்கும் திசுதான் வழக்கமான வாசல்.