பாலத்தூண்களின் மேல் நிலவுரிமை: சான் டியேகோவின் சிக்கானோ பூங்கா

அமெரிக்க நகரங்களில் லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டோர், வாழும் பகுதிகளின் சுவரோவியங்களை இன அடையாளத்தின் வெளிப்பாடாக மட்டும் கண்டு, உருவங்களுக்குப் பொருள் கூறுவதோடு அமைந்துவிடும் பார்வை ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், பாரியோ லோகன் என்னும் குடியிருப்பிலுள்ள சிக்கானோ பூங்காவை விளக்க அப்பார்வை போதாது. அங்கே எது வரையப்பட்டது என்பதற்கு முன்பாக, எதன்மேல் வரையப்பட்டது என்ற கேள்வி எழுப்பப்பட வேண்டும்.

சிக்கானோக்கள், அதாவது மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர், செறிந்து வாழ்ந்த இப்பகுதி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படைத் தளங்களாலும் தொழிற்கூடங்களாலும் தன் கடற்கரையை இழந்தது. 1950களில் நகராட்சி நிலப்பயன்பாட்டு விதிகளை மாற்றியதால் வீடுகளுக்கு நடுவே பழைய வாகனங்களை உடைக்கும் கிடங்குகள் முளைத்தன. 1960களில் ஐந்தாம் எண் நெடுஞ்சாலை குடியிருப்பை இரண்டாகப் பிளந்தது. 1969இல் திறக்கப்பட்ட கொரொனாடோ பாலத்தின் கான்கிரீட் தூண்கள் எஞ்சிய நிலத்திலும் ஊன்றின. பாலத்தடியில் பூங்கா அமையும் என்று மக்கள் நம்பியிருந்த இடத்தில் நெடுஞ்சாலைக் காவல்துறைக்கு நிலையம் கட்ட மண்வாரி இயந்திரங்கள் வந்திறங்கியபோது, 1970 ஏப்ரல் 22 அன்று குடும்பங்களும் மாணவர்களும் அவற்றின் முன் நின்று தடுத்து, பன்னிரண்டு நாள் நிலத்தைக் கைப்பற்றியிருந்து, தாங்களே செடி நட்டனர். அந்தப் போராட்டத்தின் பயனே பூங்கா.

தூண்களை ஓவியத்தளமாக்கும் எண்ணத்தை முன்வைத்தவர் அப்பகுதியில் வளர்ந்த ஓவியர் சால்வடோர் டோரஸ். 1973இல் பணி தொடங்கியபோது, கான்கிரீட்டை மியூரியாட்டிக் அமிலத்தால் கழுவிப் பதப்படுத்திய பின், ஓவியப் பயிற்சியில்லாத அக்கம்பக்கத்தாரும் தூரிகையும் உருளையும் ஏந்தி வந்தனர். ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கேரோஸ் முதலிய மெக்சிகோ ஓவியர்களின் சுவரோவிய மரபு இங்கு வேரூன்றியதை மறுக்க முடியாது. எனினும் மெக்சிகோவில் அம்மரபை வளர்த்தது புரட்சிக்குப் பிந்தைய அரசு. இங்கோ, அரசு எழுப்பிய தூண்களையே அவற்றால் இடம்பெயர்ந்தோர் தமதாக்கிக்கொண்டனர். நிலத்தை மீட்ட செயலின் தொடர்ச்சியாகவே அந்த வண்ணப்பூச்சைக் கொள்ள வேண்டும்.

இக்கருத்துக்குத் தக்க சான்று, விக்டர் ஒச்சோவாவும் உடன் ஓவியர்களும் 1977இல் தீட்டிய, ‘குடியிருப்பு வேண்டும், உடைப்புக் கிடங்குகள் வேண்டாம்’ என்ற முழக்கத்தையே பெயராகக் கொண்ட ஓவியமாகும். அதில் பழங்கடவுளரோ வீரத்தலைவர்களோ மையமாக இல்லை. பதாகை ஏந்திய அக்கம்பக்கத்தார் நிற்கின்றனர். அவர்கள் எதிர்த்த கிடங்குகள் தொலைவில் இல்லாமல் அதே தெருக்களில் இருந்தன என்பதால், ஓவியம் கோரிக்கை மனுவாகவும் இயங்கியது. பூங்காவை வளைகுடா வரை நீட்டக் கோரிய இயக்கமும் தூண்களிலேயே எழுதப்பட்டது. 1990இல் கடற்கரையோரம் ஒரு பூங்கா கிடைத்தது. கெட்சல்கோவாட்டல் என்னும் இறகுப்பாம்புக் கடவுள், குவாடலூப்பே அன்னை என்னும் மரியாள், மெக்சிகோ புரட்சித் தலைவர் சபாட்டா ஆகியோரின் உருவங்களையும் இந்தக் கோரிக்கைகளோடு சேர்த்து வாசித்தால்தான் அவற்றின் அரசியல் எடை விளங்கும்.

பராமரிப்பின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1990களில் பாலத்தை நிலநடுக்கத்துக்கு ஈடுகொடுக்கும்படி வலுப்படுத்த முனைந்த மாநிலப் போக்குவரத்துத் துறையின் திட்டம் ஓவியங்களுக்கு ஊறு விளைவிக்கும் என்று மக்கள் எதிர்த்தபின், அவை தப்பும் வகையில் பணிமுறை மாற்றப்பட்டது. பின்னர் நடந்த சீரமைப்பில், முதலில் வரைந்த ஓவியர்கள் பலரே மீண்டும் தூரிகை எடுத்தனர். மூலப்பூச்சைத் தொடாமல் காப்பதையே நெறியாகக் கொள்ளும் அருங்காட்சியக மரபுக்கு இது உவப்பாக இராது, ஆயினும் இவ்விடத்துக்கு இதுவே பொருந்தும்.

2016இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பூங்கா அறிவிக்கப்பட்டது தகுதியான சிறப்பே. ஆனால் அந்த அறிவிப்பு ஓவியங்களின் மதிப்பை உறுதிசெய்கிறதே ஒழிய, சுற்றிலும் வாடகைக்குக் குடியிருப்போருக்கு எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. அவர்கள் அங்கே தொடர்ந்து வாழ்வதற்கான வீட்டுவசதிக் கொள்கையும் பூங்காவின் பாதுகாப்புத் திட்டத்துக்குள் அடங்க வேண்டும்.