கையில் இட்ட குறி

ஓர் இசைவடிவத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பாடகர்களையும் பாடல்களையும் வரிசைப்படுத்துவது வழக்கம். அமெரிக்காவின் ஹார்ட்கோர் பங்க் இசையைப் பொறுத்தவரை அது பாதி வரலாற்றையே தரும் என்று கருதுகிறோம். ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் உரத்த, அதிவேகப் பாடல்கள். பாடியவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் பள்ளிப்பருவத்தினர். அவர்கள் கூடுவதற்கு ஓர் இடம் தேடிய கதையே மறுபாதி.

சிக்கல் மதுவில் இருந்தது. சிறு ராக் அரங்குகள் பலவும் மதுக்கூடங்களே. நுழைவுச் சீட்டைவிடக் குடிவிற்பனையே அவற்றைத் தாங்கிநின்றது. ஆகவே பதினாறு வயதினர் இருவகையிலும் வேண்டாதவர்கள்: உள்ளே விட்டால் சட்டத்தின் தொல்லை, விட்டாலும் வரும்படி இல்லை.

1980 கோடையில் வாஷிங்டன் நகரின் ‘டீன் ஐடில்ஸ்’ என்னும் இளைஞர் குழு கலிபோர்னியாவுக்குப் பேருந்தில் பயணம் சென்றது. சான் பிரான்சிஸ்கோவின் மபூஹாய் கார்டன்ஸ் அரங்கில் அவர்களுடைய புறங்கைகளில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி இட்டனர். இவர்களுக்கு மது தரலாகாது என்பது அதன் பொருள். ஊர் திரும்பியவர்கள், அவ்வாண்டுதான் திறக்கப்பட்டிருந்த ‘9:30 கிளப்’ அரங்கினரிடம் இதே ஏற்பாட்டைக் கேட்டுப் பெற்றனர். விலக்கி வைப்பதற்கான அடையாளம் நுழைவதற்கான உரிமைச் சீட்டாயிற்று. பின்னர் குடியை விரும்பித் துறந்தவர்களும் அக்குறியைத் தாமே இட்டுக்கொண்டனர். ‘ஸ்ட்ரெயிட் எட்ஜ்’ என்ற பெயரில் அது ஒரு நோன்பாகவே பரவியது தனிக்கதை.

அவ்வாண்டின் இறுதியில் குழு கலைந்தது. கையிருப்பு ஏறத்தாழ 600 டாலர். பங்கிட்டுக்கொள்ளாமல், அதைக் கொண்டு எட்டுப் பாடல்கள் அடங்கிய ஓர் இசைத்தட்டை 1,000 பிரதிகள் அச்சிட்டனர். ‘டிஸ்கார்ட்’ வெளியீட்டகம் பிறந்தது இப்படித்தான். உறைகளை அவர்களே வெட்டி, மடித்து, ஒட்டினர். சிற்றிதழ்களுக்கு மேலட்டை ஒட்டிய கைகளுக்கு இந்த வேலை புதிதன்று. உறையில் இருந்த படம், குறுக்காக வைக்கப்பட்ட, பெருக்கல் குறியிட்ட இரு கைகள்.

இத்தகைய தட்டு வெளிவந்திருக்கிறது என்று அடுத்த நகரத்தவர் அறிவது எங்ஙனம்? வானொலிகள் பெரும்பாலும் இவற்றைச் சீண்டவில்லை. இங்கே ‘மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல்’ என்ற இதழின் பங்கு பெரிது. 1977இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி, 1982இல் மட்டமான தாளில் அச்சான இதழாயிற்று. உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த தட்டுகளுக்கு மாதந்தோறும் பொடி எழுத்தில் மதிப்புரைகள், கூடவே அஞ்சல் முகவரி. பெரும் நிறுவனங்களின் வெளியீடுகளுக்கு அதில் இடமில்லை.

அவ்விதழின் ஆசிரியர் டிம் யோஹானனும் நண்பர்களும் சேர்ந்து 1986 டிசம்பர் 31 அன்று பெர்க்லி நகரில், கில்மன் தெரு 924ஆம் எண்ணில் ஓர் அரங்கைத் திறந்தனர். மது இல்லை, எவ்வயதினரும் வரலாம். இரண்டு டாலர் கட்டி உறுப்பினராக வேண்டும். இனவெறி, பெண்ணிழிவு, அடிதடி ஆகியவற்றுக்கு இடமில்லை என்ற விதிகள் வாசலிலேயே எழுதப்பட்டிருந்தன. சீட்டுக் கொடுப்பதும் தரை பெருக்குவதும் தொண்டர்கள். 1988இல் யோஹானன் கைவிட்டபோது மற்றவர்கள் ஏற்று நடத்தினர். அங்கே வளர்ந்த ‘கிரீன் டே’ பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டபின் அம்மேடை அவர்களுக்கு மூடப்பட்டது. 2015இல் ஒரு நிதிதிரட்டு நிகழ்ச்சிக்காகவே அவர்கள் மீண்டும் அதில் ஏறினர். இந்தக் கண்டிப்பு சற்று மிகையாகத் தோன்றலாம். ஆனால் மதுவின் வருவாயை வேண்டாமென்ற அரங்குக்குக் கொள்கையைத் தவிர வேறு முதல் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் சிபிஜிபி அரங்கின் ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சிகள் அடிதடியால் எண்பதுகளின் இறுதியில் நின்றன. ஏபிசி நோ ரியோ என்ற கலைக்கூடத்தின் சனிக்கிழமைப் பிற்பகல்கள் அவ்விடத்தை நிரப்பின. வெறுப்பைப் பாடும் குழுக்களை அது மேடையேற்றவில்லை. 2006ஆம் ஆண்டு நமக்கு விந்தையாகத் தெரிகிறது. சிபிஜிபி மூடப்பட்டது, நெடுங்காலம் நகராட்சியோடு போராடிய ஏபிசி நோ ரியோ தன் கட்டடத்தை ஒரே ஒரு டாலருக்குப் பெற்றது, பிலடெல்பியாவில் ‘திஸ் இஸ் ஹார்ட்கோர்’ விழாவும் கலிபோர்னியாவில் ‘சவுண்ட் அண்ட் ஃப்யூரி’ விழாவும் தொடங்கின.

விழாக்கள் வேறு வகை. ஓரிரு நாள்களில் பல குழுக்கள், தொலைதூரத்திலிருந்து வரும் கூட்டம், மேசைகளில் புதிய தட்டுகள். ஆண்டு முழுவதும் கடிதங்களில் மட்டும் அறிந்தவர்கள் நேரில் சந்திக்கிறார்கள். இது சிறிய செய்தியன்று. ஆயினும் ஒரு சிறுவன் முதன்முதலாகக் கிதார் பிடித்து மூன்று சுரங்களைத் தப்பும் தவறுமாக வாசிக்க விழா மேடையில் இடம் கிடைப்பதில்லை. அதற்கு வாரந்தோறும் கதவு திறக்கும் ஓர் அறை வேண்டும். வாஷிங்டனில் புனித ஸ்டீபன் தேவாலயம் போன்றவை தம் கூடங்களை இதற்குத் திறந்துவிட்டன.

‘மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல்’ அச்சில் வெளிவருவது 2019இல் நின்றது. இப்போது புதிய வெளியீடுகள் இணையத்தில் நாள்தோறும் குவிகின்றன. தேடும் சிரமம் போய்த் தெரிவு செய்யும் சிரமம் வந்திருக்கிறது. டிஸ்கார்டை நிறுவியவர்களுள் ஒருவரான இயன் மெக்காயின் பிற்காலக் குழு ‘ஃபுகாசி’, நுழைவுக் கட்டணத்தை ஐந்து டாலர் அளவிலேயே வைக்க முயன்றது. எல்லா வயதினரையும் அனுமதித்தது. 2011இல் தன் பழைய நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளை நூற்றுக்கணக்கில் இணையத்தில் வெளியிடத் தொடங்கியபோது, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொன்ன விலையும் அதே ஐந்து டாலர்தான்.